லைவ் டேட்டாவுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? புதிய டிரேடர்களுக்கு ஒரு கணக்கு

புதிதாக டிரேடிங் தொடங்குபவர்கள் புரோக்கரேஜ், எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி) எல்லாம் விசாரித்துவிடுகிறார்கள். லைவ் டேட்டாவுக்கு, அதாவது சந்தை நடக்கும்போதே வரும் விலைத் தகவலுக்குப் போகும் பணத்தைப் பலரும் கணக்கில் எழுதுவதில்லை. லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் மாதாமாதம் போகும் செலவு அது. பணம் கட்டும் முன் இந்த வரிசையில் யோசியுங்கள்.

படி 1: எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள்?

டெலிவரி எடுத்து வாரக்கணக்கில் வைத்திருப்பவருக்கு அன்றன்றைய முடிவு விலை போதும். சந்தை முடிந்த பிறகு என்.எஸ்.இ. (தேசியப் பங்குச் சந்தை) தளத்தில் பவ்காப்பி என்ற கோப்பு வரும். தொடக்க விலை, உச்சம், தாழ்வு, முடிவு விலை, வால்யூம் எல்லாம் அதில் இருக்கும், இலவசமாக. நீங்கள் இந்த வகை என்றால் மேற்கொண்டு படிக்கவே தேவையில்லை.

படி 2: புரோக்கர் ஆப்பில் என்ன இருக்கிறது?

லைவ் விலை, சார்ட், ஐந்து வரிசை மார்க்கெட் டெப்த் (வாங்கவும் விற்கவும் காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியல்) இவை பெரும்பாலான ஆப்களில் தனிக் கட்டணம் இல்லாமலே வரும். திரையைப் பார்த்துக் கையால் ஆர்டர் போடுபவருக்கு இது தாராளம். ஆமிபுரோக்கர் போன்ற சார்ட் மென்பொருளுக்குள்ளோ, நீங்களே எழுதிய புரோகிராமுக்குள்ளோ விலை தானாக வந்து விழ வேண்டும் என்றால்தான் ஃபீட், அதாவது தொடர்ந்து வரும் டேட்டா இணைப்பு தேவை.

படி 3: எந்த ஃபீட்?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். டேட்டாவின் உரிமை எக்ஸ்சேஞ்சுடையது. என்.எஸ்.இ. டேட்டா அண்ட் அனலிட்டிக்ஸ் என்ற துணை நிறுவனம் அதை விற்கிறது. ஆழத்துக்கு ஏற்ப விலை ஏறும்: லெவல் 1-இல் முதல் வரிசை வாங்கும் விலையும் விற்கும் விலையும், லெவல் 2-இல் ஐந்து வரிசை, லெவல் 3-இல் இருபது. அதற்கும் மேலே டிக் பை டிக். ஒவ்வொரு ஆர்டரும் ஒவ்வொரு டிரேடும் அதில் வரும். எக்ஸ்சேஞ்ச் வளாகத்திலேயே சர்வர் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கான சரக்கு அது.

நமக்குக் கிடைப்பது அதுவல்ல. சில்லறை ஃபீட்களில் ‘டிக்’ என்று வருவது பெரும்பாலும் சிறு இடைவெளியில் எடுத்த ஸ்நாப்ஷாட். இரண்டு ஸ்நாப்ஷாட்டுக்கு நடுவே நடந்த டிரேடுகள் தனித்தனியாகத் தெரியாது. ஐந்து நிமிட சார்ட்டில் வேலை செய்பவருக்கு இதனால் பாதிப்பு இல்லை. ஒவ்வொரு டிரேடையும் எண்ணிப் பார்க்கும் முறைகளுக்கு இது சரிவராது.

வழிகள் இரண்டு. ஒன்று, அங்கீகாரம் பெற்ற டேட்டா வெண்டர் (டேட்டா விற்பவர்). இங்கே கேஷ் (பங்குகள்), எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்), எம்.சி.எக்ஸ். (கமாடிட்டி சந்தை) என்று ஒவ்வொன்றுக்கும் தனி பில் வரலாம். எத்தனை சிம்பல் (பங்கு அல்லது ஒப்பந்தம்) என்பதற்கும் வரம்பு இருக்கும். இன்னொன்று புரோக்கரின் ஏ.பி.ஐ., அதாவது உங்கள் புரோகிராமைப் புரோக்கரின் சர்வரோடு இணைக்கும் வழி. ஏஞ்சல் ஒன்னின் ஸ்மார்ட் ஏ.பி.ஐ. இலவசம். ஸெரோதாவின் கைட் கனெக்ட் முன்பு மாதம் 2,000 ரூபாயாக இருந்தது, 2025-இல் 500-க்கு இறங்கியது. தொடங்குபவர் ஏ.பி.ஐ.யில் ஆரம்பிப்பதே நல்லது என்பது என் கருத்து.

படி 4: முதலோடு ஒப்பிடுங்கள்

மாதம் 2,000 ரூபாய் ஃபீட் என்று வைத்துக்கொள்வோம். 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் 2,360. வருடத்துக்கு 28,320. நீங்கள் போட்ட முதல் 2 லட்சம் ரூபாய் என்றால் 14 சதவீதத்துக்கு மேல் டேட்டாவுக்கே போகிறது. அதைச் சம்பாதித்த பிறகுதான் உங்கள் லாபம் தொடங்கும். அதே ஃபீட் 20 லட்சம் வைத்திருப்பவருக்கு ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. எனவே நண்பர் வாங்கினார் என்பதற்காக வாங்காதீர்கள்.

படி 5: கட்டும் முன்

வாங்கும் டேட்டா பொதுவாக உங்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும். அதை டெலிகிராம் குழுவில் ஓட விடுவது ஒப்பந்தத்தை மீறுவதாகும். லைவ் விலையை மூன்றாம் தரப்புக்குத் தருவதில் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியும் 2024 மே மாதம் கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறது.

அப்புறம், வருடச் சந்தா தள்ளுபடியைப் பார்த்து அவசரப்படாமல் ஒரு மாதம் மட்டும் எடுங்கள். எக்ஸ்பைரி நாளன்று (எஃப் அண்ட் ஓ ஒப்பந்தங்கள் முடியும் நாள்), காலை 9:15-க்குப் புரோக்கர் ஆப்பையும் புது ஃபீடையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட விடுங்கள். அந்தப் பரபரப்பில் ஃபீட் பின்தங்கினால் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டாம்.