செஃபீடுகளை வைத்து ஒரு குள்ள விண்மீன் திரளின் கதையைப் படிக்க

குள்ள விண்மீன் திரளில் நட்சத்திரங்கள் எப்போது, எங்கே பிறந்தன என்று தேட சொந்தமாக டெலஸ்கோப் வேண்டாம். லேப்டாப்பும் எக்செலும் போதும். சீரான இடைவெளியில் விரிந்து சுருங்கி, பிரகாசம் கூடிக் குறையும் செஃபீட் நட்சத்திரங்களே நமக்கு வழிகாட்டும். நம் பால்வெளிக்கு அருகிலுள்ள குள்ளத் திரளான சிறிய மெகல்லன் மேகத்தில் தொடங்குங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். துடிப்புக் காலம் (ஒரு துடிப்புக்கு ஆகும் நேரம்) நீண்டால் பிரகாசமும் கூடும் என்று 1912-இல் வானியலாளர் ஹென்ரியட்டா லீவிட் காட்டியது இங்குள்ள 25 நட்சத்திரங்களை வைத்துத்தான்.

சிலியில் 1.3 மீட்டர் தொலைநோக்கியை வைத்து வார்சா பல்கலைக்கழகம் நடத்தும் ஓகிள் (OGLE) எனும் வானாய்வுத் திட்டத்தின் பட்டியல்கள் இலவசம். செஃபீட் கோப்பை இறக்கியதும் அடிப்படைத் துடிப்பு (முழு நட்சத்திரமும் ஒன்றாக விரிந்து சுருங்குவது) உள்ளவற்றைத் தனியே பிரியுங்கள். மேற்சுரத்தில் (உள்பகுதியும் வெளிப்பகுதியும் எதிரெதிராக அசையும் வேகமான துடிப்பில்) துடிப்பவற்றின் காலம் அடிப்படைத் துடிப்பின் காலத்தில் ஏறக்குறைய 0.7 மடங்குதான். இரண்டையும் கலந்தால் இளசு கிழடாகத் தெரியும்.

அப்புறம் வயது. கனமான நட்சத்திரம் சீக்கிரம் செஃபீடாகும், மெதுவாகத் துடிக்கும். அதனால் துடிப்புக் காலம் நீள நீள வயது குறையும்: 10 நாள் என்றால் சுமார் 5 கோடி ஆண்டு, 3 நாள் என்றால் 12 கோடியை ஒட்டி. நட்சத்திரத்தின் சுழற்சியையும் கணக்கில் சேர்த்தால் இந்த எண்கள் இரட்டிப்பாகலாம். எது மூத்தது, எது இளையது என்ற வரிசையை நம்புங்கள்.

இனி வானில் அவற்றின் இடத்தைக் குறித்து, வயதுக்கேற்ப நிறம் கொடுங்கள். துடிப்புக் காலம் காட்டும் உண்மைப் பிரகாசத்தை நமக்குத் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டால் தூரம் கிடைக்கும்; அதையும் சேர்த்தால் இளையவை நமக்கு அருகிலும் மூத்தவை தள்ளியும் இருப்பது தெரியும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன்: எண்ணிக்கையை அப்படியே பிறப்பு வேகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கனமானவை பிறப்பதே குறைவு, செஃபீடாக இருக்கும் காலமும் குறைவு. மேலும் இந்த மேகத்தில் உலோகம் (வானியலில் ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்ந்த தனிமங்கள்) குறைவு என்பதால், எடை குறைந்த நட்சத்திரங்களும் செஃபீடாகின்றன. 1, 2 நாள் துடிப்புக் காலத்தில் செஃபீடுகள் குவிவதற்கு இதுவும் காரணம். அந்தக் குவியலைப் பார்த்ததும் 'பிறப்பு வெடிப்பு' என்று எழுதிவிட வேண்டாம்.

1000 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட தலைமுறைக்கு ஆர்.ஆர். லைரே (மிக வயதான துடிக்கும் நட்சத்திர வகை) கோப்பு இருக்கிறது. அரை நாளை ஒட்டித் துடிப்பவை, மேகம் முழுக்கச் சீராகப் பரவியவை. சிற்பி, டிராகோ போன்ற மற்ற குள்ளத் திரள்களில் இவை ஏராளம், இளம் செஃபீடுகளோ இல்லை. அங்கே பிறப்பு எப்போதோ நின்றுவிட்டது.

இரண்டுக்கும் இடைப்பட்ட நெடுங்காலத்துக்கு, நூற்றுக்கணக்கான நாள் எடுத்துத் துடிக்கும் நீள்கால மாறிகள் (பிரகாசம் மாறும் நட்சத்திரங்கள்) வேண்டும். ஓகிளில் அந்தப் பட்டியலும் உண்டு, அதையும் இப்போதே இறக்கி வையுங்கள்.