கணினி பேட்ஸ்மேனைத் தடுமாற வைப்பது எப்படி?

எங்கள் திருவல்லிக்கேணி சந்தில் ஆடுகிற பொடியன்கூட முதல் இரண்டு பந்துக்கு டொக்கு வைப்பான். நான் எழுதிய முதல் கிரிக்கெட் கேமில் கணினி பேட்ஸ்மேன் முதல் பந்தே காலடியில் விழுந்த யார்க்கர், அதையே சிக்ஸர் தூக்கினான். அடுத்து தரையில் படாமல் சுலபமாக வந்த புல் டாஸில் போல்டு ஆனான். இதைச் சரிசெய்த வழிதான் கீழே. ஸ்கிராட்ச், பைத்தான், கோடோ (Godot) என்று கேம் எழுத உதவும் எதில் எழுதினாலும் பொருந்தும்.

படி 1: கண்ணை மங்கலாக்குங்கள்

மணிக்கு 140 கி.மீ. வேகப்பந்து, கையை விட்டபின் அரை நொடிக்குள் பேட்ஸ்மேனிடம் வந்துவிடும். ஆனால் கேமின் நிரலில் (code), பந்து எங்கே பிட்ச் ஆகும் என்ற எண் அப்போதே தயார். கணினி அதை அப்படியே படித்தால் பரீட்சையில் பிட் அடிப்பது மாதிரிதான்.

அந்த எண்ணோடு ரேண்டமாக ஒரு பிழையைக் கூட்டுங்கள். புதிதாக வந்தவனுக்கு ஒரு மீட்டர் வரை முன்பின். 30 பந்து ஆடியவனுக்கு அதில் பாதி. பந்து ஸ்டம்பிலிருந்து 6 மீட்டரில் விழப்போகிறது, இவன் 5 என்று நினைக்கிறான் என்று வையுங்கள். காலை முன்னே வைத்து டிரைவ் போவான், பந்து எட்டாது, எட்ஜ் வாங்கி ஸ்லிப்புக்குப் போகும். நீங்கள் 'அவுட் ஆகு' என்று எங்கேயும் எழுதவே இல்லை!

படி 2: ஸ்கோர்போர்டைப் பார்க்க விடுங்கள்

சேஸிங்கில் ஆவேசத்துக்கு ஒரு எண் கொடுங்கள். தேவையான ரன் ரேட்டை 6-ஆல் பெருக்கி, விழுந்த விக்கெட் ஒவ்வொன்றுக்கும் 3 கழியுங்கள். ரேட் 9, விக்கெட் 5 என்றால் 54 - 15 = 39. கடைசி மூன்று ஓவரில் கழிக்காதீர்கள். அங்கே விக்கெட்டைக் காப்பாற்றி என்ன பயன்? இந்த எண் ஏற ஏற, தூக்கி அடிக்கும் ஷாட் விழும் வாய்ப்பையும் ஏற்றுங்கள். எப்போதும் 'சிறந்த' ஷாட்டையே எடுத்தால் மறுபடி ரோபோதான்.

படி 3: வால் ஆட்டக்காரர்கள் (கடைசியில் இறங்கும் பௌலர்கள்)

1999 ஜனவரி, சேப்பாக்கம், பாகிஸ்தானுக்கு எதிராக இலக்கு 271. சச்சின் 136 அடித்து அவுட் ஆனபோது ஸ்கோர் 254. அதன்பின் நாலே ரன்னில் மிச்சம் எல்லோரும் காலி. அதே மைதானத்தில் 2008 டிசம்பரில் இங்கிலாந்துக்கு எதிராக 387-ஐ நான்கே விக்கெட் இழந்து எட்டினோம். இரண்டு மாதிரி ஆட்டமும் உங்கள் கேமில் நடக்க இடம் வேண்டும். எட்டாவது ஆளிலிருந்து படி 1-இன் பிழையை இரட்டிப்பாக்கினேன். இலக்கு 20 ரன்னுக்குள் வந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டினேன். (அந்த 1999 மேட்சை நினைத்துத்தான். இன்னும் ஆறவில்லை.)

படி 4: பௌலர்

இது சுலபம். ஒவ்வொரு பந்துக்கும் இடத்தை ரேண்டமாக மாற்ற வேண்டாம். நாலு பந்து ஒரே இடம், அப்புறம் ஒன்று மட்டும் மாறி. பீல்டிங்கை ஓவருக்கு ஓவர் மாற்றினால் போதும்.

படி 5: தனியாக ஆட விடுங்கள்

கணினிக்குக் கணினி 50 மேட்ச் ஓடவிட்டு, எப்படி அவுட் ஆனார்கள் என்று எண்ணுங்கள். நிஜ கிரிக்கெட்டில் பாதிக்கு மேல் கேட்ச்தான். உங்கள் கணக்கில் போல்டு அதிகம் வந்தால் படி 1-இன் பிழை கூடிப்போயிருக்கிறது. அரை மீட்டர் குறைத்துத் திரும்ப ஓட்டுங்கள்.