மாதச் சம்பளம் இல்லாமல் அலுவலகத்துக்குப் போவது எப்படி?

புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது, அதாவது அச்சுக்குப் போகுமுன் படித்துப் பிழை திருத்துவது, என் தொழில். வாரத்தில் மூன்று நாள் மேற்கு மாம்பலத்தில் ஒரு பதிப்பகத்துக்குப் போய் உட்காருகிறேன். மேசை உண்டு, நாற்காலி உண்டு, வருகைப் பதிவேட்டில் பெயர் கிடையாது. இப்படி ஃப்ரீலான்ஸராக ஓர் அலுவலகத்துக்குள் நுழையப் போகிறாள் என் அக்கா மகள். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

பேச வரச் சொன்னால் மாலை ஐந்தரைக்கு நேரம் கேளுங்கள். காலையில் எல்லா அலுவலகமும் நல்ல அலுவலகம்தான். ஆறு மணிக்கு மேசைக்கடியிலிருந்து பையை எடுப்பவர், மேலாளர் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுக்கிறாரா, சும்மா எடுக்கிறாரா என்று கவனியுங்கள். நான் போன அன்று முதலாளி என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே வடிவமைப்பாளர் எட்டிப்பார்த்து, "ஆறேகால் வண்டி சார்" என்றார். முதலாளி பேச்சை நிறுத்தாமல் கையை மட்டும் அசைத்தார். அந்தக் கையசைப்புக்காகவே ஒப்புக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

இன்னொன்றையும் கேளுங்கள்: "கடைசியாக இங்கே என்ன தவறு நடந்தது, என்ன செய்தீர்கள்?" பதிலில் ஒருவருடைய பெயர் முதலில் வந்தால் யோசியுங்கள். நான் சேர்ந்த இரண்டாம் மாதம், பின்னட்டையில் 'அரசியல்' என்பது 'அரிசியல்' என்று அச்சாகி வந்தது. அந்தப் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்தவள் நான்தான். வயிறு கலங்கியது. முதலாளி அட்டையை உரக்கப் படித்தார், சிரித்தார், பிறகு, "பின்னட்டையைக் கடைசியாக யார் பார்ப்பது என்று நாம் முடிவே செய்யவில்லையே" என்றார். திருத்தம் அச்சிட்ட ஒட்டுத்தாள் ஒட்டிப் புத்தகங்களை அனுப்பினோம். என் பில்லில் ஒரு ரூபாய் குறையவில்லை.

நல்ல மனிதர்கள் என்பதற்காகக் கடிதம் வாங்காமல் இருந்துவிடாதீர்கள். ஒரு பக்கம் போதும்: என்ன வேலை, எந்தெந்த நாள், யார் வேலை சொல்வார், எத்தனை நாளில் பணம். அளவையும் எண்ணில் எழுதுங்கள். முன்பு வேறோர் இடத்தில் 'மெய்ப்புப் பார்த்தல்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டேன். 240 பக்கப் புத்தகம். ஆசிரியர் ஒவ்வொரு மெய்ப்பிலும் புத்தகத்தைப் புதிதாக எழுதினார். ஐந்து முறை படித்தேன், ஒரு முறைக்குக் கூலி வந்தது, அதுவும் நான்கு மாதம் கழித்து. இப்போது என் கடிதத்தில் 'இரண்டு மெய்ப்பு, அதற்கு மேல் பக்கத்துக்கு இவ்வளவு' என்று இருக்கிறது.

தொகை பேசும்போது ஊழியரின் மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து நாள் கூலி சொல்வார்கள். அதை ஏற்காதீர்கள். வருங்கால வைப்புநிதியும் சம்பளத்துடன் விடுப்பும் போனஸும் அவருக்கு உண்டு, உங்களுக்கு இல்லை. தொழில்முறைக் கட்டணம் என்றால் பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள், அதாவது பணம் தரும்போதே வருமான வரிக்கென்று கழித்துக்கொள்வார்கள். 30,000 ரூபாய் பில்லுக்குக் கையில் 27,000 வரும். மீதி உங்கள் பான் எண்ணில் வரவாகிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உத்யம் பதிவையும் செய்துவிடுங்கள், குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு அது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்திலேயே முடியும், கட்டணம் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, எழுத்தில் என்ன பேசியிருந்தாலும் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வட்டி, அதுவும் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு. நான் சட்டம் பேசுவதில்லை. பில்லின் அடியில் பதிவு எண்ணை மட்டும் அச்சிடுகிறேன். கணக்குப் பிரிவினருக்கு அது புரிகிறது.

பெண்கள் இதையும் பாருங்கள்: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தத்தில் வருபவரையும் ஊழியராகவே கணக்கிடுகிறது. அறிவிப்பு சுவரில் இருக்கிறதா?

நல்ல இடத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு. பாசமாக இருப்பார்கள், நாமும் உருகிப்போவோம். என் நாள்கள் செவ்வாய், வியாழன், சனி. புதன்கிழமை தொலைபேசி வந்தால், "நாளை வந்ததும் பார்க்கிறேன்" என்பேன். முதல் முறை அதைச் சொல்வதற்குள் குரல் கம்மிவிட்டது. மறுமுனையில் "சரிங்க" என்று வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அக்கா மகள் போன வாரம் ஐந்தரைக்கே போனாள். ஏழு மணிக்கு மாடிப்படியிலிருந்து அழைத்தாள். "சித்தி, இன்னும் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்." அப்படியே கீழே இறங்கி பஸ் ஏறச் சொன்னேன். அடுத்த செவ்வாய் வேறோர் இடத்தில் அவளுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள், இதுவும் ஐந்தரைக்குத்தான்.