பிளாக்செயின் தானே கற்கிறவர்கள் செய்யும் தவறுகள்: பெரும்பாலும் நான் செய்தவை

"யாராவது பணத்தை வேண்டாம்னு சொல்வாங்களாக்கா?"

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக்) கடையில் உட்கார்ந்து ஒரு தம்பி எழுதிய புரோகிராமைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டது இது. திருச்சிக்காரர், சென்னை வேலையை விட்டுவிட்டு இங்கே முதுகலை படிக்க வந்திருக்கிறார், வகுப்பு போக மிச்ச நேரமெல்லாம் பிளாக்செயின் புரோகிராம் எழுதும் சாலிடிட்டி மொழி. செந்தூலில் ஐந்து பேர் சேர்ந்து வீடு எடுத்திருக்கிறார்கள். இந்த ஊர் வழக்கப்படி இரண்டு மாத வாடகையும், தண்ணீர் கரண்டுக்கு அரை மாதமும் டெபாசிட். வீட்டுக்காரர் அதைத் திருப்பித் தரும்போது ஐந்து பேருக்கும் பங்கு பிரித்து அனுப்ப ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் ஓடும் புரோகிராம்) எழுதியிருந்தார். ஒரு ஃபார் லூப், அதற்குள் ஒரு டிரான்ஸ்ஃபர்: ஐந்து வாலட் முகவரிக்கும் வரிசையாகப் பணம் அனுப்பும். "இதில் ஒரு முகவரி பணத்தை வாங்க மறுத்தால்?" என்று கேட்டேன். அதற்குத்தான் அந்தப் பதில். எனக்கு தே தாரிக் டீ தொண்டையில் நின்றுவிட்டது, ஏனென்றால் இதே வரியை, இதே நம்பிக்கையோடு, நான் எழுதியிருக்கிறேன். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

சீட் ஃபிரேஸை (வாலட்டை மீட்கும் ரகசியச் சொற்கள்) யாருக்கும் சொல்லாதே, பிரைவேட் கீயை (வாலட்டின் ரகசியச் சாவி) புரோகிராம் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றாதே, பழகுவதற்கு ஒரு வாலட் பணத்துக்கு ஒரு வாலட் என்று தனித்தனியாக வை. இதையெல்லாம் எல்லாரும் சொல்லியாகிவிட்டது, நான் திரும்பச் சொல்லப் போவதில்லை.

பாஸ் (தங்கும் அனுமதி) விஷயத்தில் 'அப்புறம் பார்த்துக்கலாம்'

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்கு வரலாம் என்று ஆனதிலிருந்து, "வந்து உட்கார்ந்து படிச்சு, ஒரு ரிமோட் வேலை பிடிச்சு, அப்படியே நோமேட் பாஸ் வாங்கிடலாம்ல?" என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். முடியாது. அந்த 30 நாள் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு. ரிமோட் வேலை பார்ப்பவர்கள் இங்கே தங்குவதற்கான டி.இ. ராந்தாவ் நோமேட் பாஸ் 2022-ல் வந்தது, நல்ல ஏற்பாடுதான், ஆனால் தொழில்நுட்ப வேலைக்காரர்கள் வருஷத்துக்கு 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் சம்பாதிப்பதைக் காட்ட வேண்டும். நேற்று வேலையை விட்டவர் எதைக் காட்டுவது? வேலை கையில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டிய விஷயம் இது. நான் கணவரின் வேலையை ஒட்டி டிபெண்டன்ட் பாஸில் வந்தவள். அனுமதி வாங்காமல் அதில் இங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. எனக்குப் படிக்க நேரம் கிடைத்ததே அதனால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வீடியோ

யூடியூபில் நிறையப் பேர் பார்த்தது என்று தேடி, 2021-ல் எடுத்த எட்டு மணி நேர வீடியோவோடு உட்காருகிறார்கள். நானும் உட்கார்ந்தேன். அதில் ரிங்கெபி டெஸ்ட்நெட்டில் (நிஜப் பணம் இல்லாத பயிற்சி நெட்வொர்க்) ஏற்று என்பார்கள். ரிங்கெபியும் ராப்ஸ்டனும் மூடியாகிவிட்டது, பின்னால் வந்த கோர்லியும் போய்விட்டது, இப்போது செபோலியா. கான்ட்ராக்டை எழுதிச் சோதிக்கும் டிரஃபிள் என்ற கருவியை நிறுவு என்பார்கள். 2023 செப்டம்பரிலேயே அதை மூடப்போவதாக அதை நடத்திய கன்சென்சிஸ் நிறுவனம் அறிவித்துவிட்டது, இப்போது ஹார்ட்ஹேட் அல்லது ஃபவுண்ட்ரி. எத்தீரியம் பிளாக்செயினில் மைனிங் (கணினிகளை ஓட்டிப் புது நாணயம் எடுப்பது) எப்படி நடக்கிறது என்று அரைமணி நேரம் விளக்குவார்கள். 2022 செப்டம்பர் 15-க்குப் பிறகு எத்தீரியத்தில் மைனிங்கே கிடையாது. கற்கிறவருக்கு இது எதுவும் தெரியாது, எர்ரர் வந்தால் தன் தப்பு என்று நினைத்து மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொள்வார். வீடியோவில் முதலில் பிராக்மா வரியை, அதாவது சாலிடிட்டியின் எந்தப் பதிப்பு என்று சொல்லும் வரியைப் பாருங்கள். 0.8-க்குக் கீழே இருந்தால் அடுத்த வீடியோ.

அடுத்தவர் பணத்தில் பரீட்சை

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

2023 தீபாவளிக்கு முன்னால், ஒரு வருஷம் படித்துவிட்ட தெம்பில், எங்கள் அடுக்குமாடியில் என்னோடு பத்துப் பேரைச் சேர்த்து ஏலச்சீட்டுக்கு ஒரு கான்ட்ராக்ட் எழுதினேன். இந்த ஊரில் கூட்டு என்பார்கள். (கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்ய 1971-லிருந்தே இங்கே சட்டத்தில் தடை இருக்கிறது என்று பிறகுதான் ஒரு வழக்கறிஞர் நண்பர் சொன்னார். அது தனி முட்டாள்தனம்.) ஆளுக்கு மாதம் 200 ரிங்கிட், அதைப் பாலிகன் என்ற பிளாக்செயினில் அப்போதிருந்த மேட்டிக் நாணயமாகப் போட வேண்டும். ஏலம் வாட்ஸ்அப்பில். அதிகம் தள்ளிக் கேட்டவருக்குச் சீட்டு, தள்ளிய தொகை பத்துப் பேருக்கும் சமமாகப் பிரியும். முகவரிகள் பத்தும் ஆரம்பத்திலேயே கான்ட்ராக்டில் எழுதப்பட்டவை, பிறகு மாற்ற முடியாது. 'யாரும் ஏமாற்ற முடியாது, நான் உட்பட' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முதல் மாதச் சீட்டை எடுத்தவர் கீழே பூக்கடை வைத்திருக்கும் அக்கா. 300 தள்ளி 1,700-க்குக் கேட்டிருந்தார், தீபாவளிச் சரக்கெடுக்கப் பணம் வேண்டும். அவர் போனில் வாலட்டை நான்தான் போட்டுக் கொடுத்தேன். இரவு பதினொரு மணிக்கு 'பிரி' பொத்தானை அழுத்தினேன். இந்தப் பரிவர்த்தனை தோற்க வாய்ப்பிருக்கிறது என்று என் வாலட் செயலி மெட்டாமாஸ்க் எச்சரித்தது, அதன் வழக்கமான புலம்பல் என்று நினைத்து மறுபடி அழுத்தினேன். சிவப்பில் தோல்வி. இன்னொரு முறை, தோல்வி. ஒரு மணி வரைக்கும் அழுத்தியிருப்பேன்.

காரணம் இதுதான். எங்களோடு சேர்ந்து படித்துக்கொண்டிருந்த கிள்ளான் தோழி, பழகுவதற்காகத் தானே ஓர் 'உண்டியல்' கான்ட்ராக்ட் எழுதி, சீட்டுப் பணம் வந்துசேர அந்த முகவரியைக் கொடுத்திருந்தாள். உள்ளே வரும் ஒவ்வொரு தொகையையும் அது ஒரு கணக்கில் குறித்துக்கொள்ளும். அழகான யோசனை. ஆனால் சாலிடிட்டியின் டிரான்ஸ்ஃபர், பணத்தோடு வெறும் 2,300 கேஸ்தான் (வாங்குகிற கான்ட்ராக்ட் வேலை செய்யத் தேவையான எரிபொருள் அளவு) அனுப்பும். சேமிப்பில் புதிதாக ஓர் இடத்தில் எழுதவே குறைந்தது 20,000 கேஸ் வேண்டும். ஆக உண்டியல் பணத்தை வாங்க முடியாமல் திரும்புகிறது, டிரான்ஸ்ஃபர் ரிவர்ட் (ரத்து) ஆகிறது, ஒரே பரிவர்த்தனை என்பதால் அக்காவுக்குப் போன 1,700 முதற்கொண்டு மொத்தமும் ரிவர்ட் ஆகிறது. பந்தியில் ஒருவர் இலையை மூடிவிட்டார் என்று சாம்பார் வாளி அங்கேயே நின்று, கல்யாணத்தில் ஒருத்தருக்கும் சாப்பாடு இல்லை என்று ஆன மாதிரி. ஒருவரை நீக்கவோ, பணத்தைத் திரும்ப எடுக்கவோ நான் வழியே வைக்கவில்லை. யாரும் ஏமாற்ற முடியாது அல்லவா? அந்தப் பணம் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. பாலிகன் கணக்குகளைக் காட்டும் பாலிகன்ஸ்கேன் தளத்தில் முகவரியைப் போட்டால் தெரியும். நான் அவ்வப்போது போட்டுப் பார்க்கிறேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

மறுநாள் காலை அக்காவிடம் போய் நின்றேன். கான்ட்ராக்ட், கேஸ் என்று ஏதோ ஆரம்பித்தேன். பூத் தொடுப்பதை நிறுத்தாமலே கேட்டார், "பணம் இருக்குங்கிற, ஆனா வராதுங்கிற. அப்ப இருக்குன்னு எப்படிச் சொல்ற தங்கச்சி?" வளையலை அடகு வைத்து அந்தத் தீபாவளிக்குச் சாமந்தி எடுத்தார். என்னைத் தவிர ஒன்பது பேருக்கும் ஆளுக்கு 200 என்று 1,800 ரிங்கிட்டை என் பி.எஃப். பணத்திலிருந்து திருப்பிக் கொடுத்தேன். சம்பளம் இல்லாத வருஷம் அது.

எரிச்சல் பணத்துக்காக இல்லை. சென்னையில் எட்டு வருஷம் நான் பார்த்தது சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. 'தப்பாக நடந்தால் என்ன ஆகும் என்ற டெஸ்ட் எங்கே?' என்று கேட்டு ஜூனியர்களின் டெஸ்ட் பிளானைத் திருப்பி அனுப்பியவள் நான். இந்தக் கான்ட்ராக்டுக்கும் பதினான்கு டெஸ்ட் எழுதினேன், பதினான்கும் பச்சை. ஹார்ட்ஹேட் பழகுவதற்கு 20 கணக்குகளைத் தரும், ஒவ்வொன்றிலும் விளையாட்டுப் பணமாக 10,000 ஈதர் (எத்தீரியத்தின் நாணயம்). எல்லாமே சாதாரணக் கணக்குகள், எதுவும் பணத்தை வேண்டாம் என்று சொல்லாது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்பதைப் பதினான்கு முறை நிரூபித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இதைவிட ஒன்று. ஓப்பன்செப்பலின் என்ற பாதுகாப்பு நிறுவனத்தாரின் எத்தர்நாட் என்ற பயிற்சி விளையாட்டில் 'கிங்' என்றொரு கட்டம் உண்டு. பணத்தை வாங்க மறுக்கும் ஒரு கான்ட்ராக்டை அரியணையில் உட்காரவைத்து விளையாட்டையே முடக்க வேண்டும். அதை நான் ஆறு மாதத்துக்கு முன்பே முடித்திருந்தேன்! விடை வீடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்தில். அந்தக் கட்டத்துக்கும் பின்னால் நிஜக் கதை இருக்கிறது. 2016 பிப்ரவரியில் 'கிங் ஆஃப் தி ஈதர் த்ரோன்' என்ற, அதிகப் பணம் கட்டியவர் அரசராகும் கான்ட்ராக்டில், பதவி இழந்த சில அரசர்களுக்குப் போக வேண்டிய ஈடு, அவர்கள் கான்ட்ராக்ட் வாலட் (கான்ட்ராக்டாகவே எழுதப்பட்ட வாலட்) வைத்திருந்ததால் போய்ச் சேரவில்லை. இதே 2,300 கேஸ்தான். ஏழு வருஷம் கழித்து, அந்தக் கதையைப் பயிற்சியாகவே செய்துமுடித்துவிட்டு, நான் அதைத் திரும்பச் செய்திருக்கிறேன்.

சரி, என்ன செய்வது? அனுப்பாதீர்கள், வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிரிக்கும்போது யாருக்கு எவ்வளவு என்று கணக்கில் மட்டும் எழுதுங்கள். அவரவர் வந்து தன் பங்கை எடுக்க கான்ட்ராக்டில் ஒரு ஃபங்ஷன் (தனிக் கட்டளைப் பகுதி). உண்டியல் திறக்காவிட்டால் உண்டியல்காரிக்கு மட்டும்தான் நஷ்டம். அந்த ஃபங்ஷனில் டிரான்ஸ்ஃபர் வேண்டாம், 'கால்' (call) என்ற கட்டளையைப் பயன்படுத்தி, அது வெற்றியா தோல்வியா என்று பாருங்கள். ஆனால் இந்தக் கட்டளை அந்த 2,300 வரம்பை எடுத்துவிடுவதால் வாங்குகிறவர் உள்ளே இருந்தபடியே திரும்ப உங்கள் கதவைத் தட்டி மறுபடி பணம் கேட்க முடியும், ஆகவே கணக்கில் கழித்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும். இந்த வரிசை மாறியதால்தான் 2016 ஜூனில் டி.ஏ.ஓ. என்ற கூட்டு முதலீட்டு நிதியிலிருந்து சுமார் 36 லட்சம் ஈதரை உறிஞ்சினார்கள், எத்தீரியமே இரண்டாகப் பிரிந்தது.

அப்புறம், 'முசுடு' என்று ஒரு கான்ட்ராக்ட் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் வந்தால் ரிவர்ட் செய்வதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது, நான்கு வரிதான். நான் எழுதும் ஒவ்வொரு டெஸ்டிலும் முசுடு ஓர் உறுப்பினர். இப்படிக் கான்ட்ராக்டுகளைச் சோதிப்பதுதான் இப்போது என் வேலை, என் சம்பளமே கிட்டத்தட்ட முசுடிலிருந்துதான் வருகிறது.

தம்பியிடம் இவ்வளவும் சொன்னேன். "ஆனா நாங்க அஞ்சு பேரும் மெட்டாமாஸ்க்தானேக்கா" என்றார். ரொட்டி சானாய் ஆறிவிட்டது.

டெசிமல்

புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பது நாணயத்துக்கு நாணயம் மாறும். ஈதருக்கு 18. டாலர் மதிப்புள்ள யுஎஸ்டிசிக்கு எத்தீரியத்தில் 6. நாணயத்தின் கான்ட்ராக்டையே கேட்டுப் பாருங்கள், அனுமானிக்காதீர்கள்.

'பிரைவேட்' என்று குறித்த மாறி (variable)

ரகசியம் இல்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

சொலானா என்ற இன்னொரு பிளாக்செயினையும் சேர்த்துப் படிக்கட்டுமா?

வேண்டாம்.

இன்டர்வியூவில் வரும் கோப்பு

ஆறு மாதம் வேலை தேடிக் களைத்தவரைக் குறிவைக்கும் வேலை இது, அதனால்தான் சொல்கிறேன். லிங்க்ட்இனில் அன்பாகப் பேசுவார்கள், சம்பளம் டாலரில் சொல்வார்கள், 'ஒரு சின்ன டெஸ்ட்' என்று கிட்ஹப் ரெப்போ (புரோகிராம் கோப்புகளின் தொகுப்பு) அனுப்புவார்கள். நீங்கள் அதை இறக்கி, நிறுவுவதற்கான 'என்பிஎம் இன்ஸ்டால்' கட்டளையைப் போட்ட நொடியில் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டும் வாலட்டும் போய்க்கொண்டிருக்கும். 2023 நவம்பரில் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸின் ஆய்வாளர்கள் இதற்கு 'கன்டேஜியஸ் இன்டர்வியூ' என்று பெயர் வைத்து, வட கொரியாவோடு தொடர்புடையவர்களின் கைவரிசை என்று எழுதினார்கள். எனக்கும் அப்படி ஒன்று வந்தது. என்னைக் காப்பாற்றியது புத்திசாலித்தனம் இல்லை, அன்றைக்கு வீட்டில் வைஃபை வேலை செய்யவில்லை. மறுநாள் பார்ப்பதற்குள் அந்த ரெப்போவே காணாமல் போயிருந்தது. இப்போது முன்பின் தெரியாதவர் அனுப்பும் புரோகிராம் எதுவானாலும் வாலட்டே இல்லாத பழைய லேப்டாப்பில்தான் திறக்கிறேன்.

அம்மாவிடம் என்ன சொல்வது

நான் மூன்று வருஷமாக விளக்குகிறேன். மகள் மலேசியாவில் பிட்காயின் வியாபாரம் செய்கிறாள் என்றுதான் மதுரையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். பூக்கடை அக்கா மட்டும் சரியாகச் சொல்கிறார்: "பணம் வெளிய வருதான்னு பார்க்கிற வேலை."