சுற்றுநிருபத்தை வகுப்பறைச் செயலாக்குதல்: மலையக ஆசிரியப் பயிற்றுநர்களுக்கான வழிகாட்டல்

புதிய சுற்றுநிருபமோ தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியோ கிடைத்தவுடன், அதை முழுவதுமாக ஒரே கருத்தரங்கில் விளக்கி முடித்துவிடும் வழக்கத்தை முதலில் கைவிடுங்கள். செயலாக்கத்தக்க ஒரே ஒரு கோரிக்கையை அதிலிருந்து தெரிந்தெடுங்கள். 'மாணவர் மையக் கற்பித்தல்' என்பது மிகப் பரந்தது. 'கற்பிக்கும்போதே மாணவரின் புரிதலைக் கணிப்பிடுதல்' என்பது பயிற்றுவிக்கத்தக்கது. இத்தகைய கணிப்பீடு கற்றலை உயர்த்துவதையும், பின்தங்கிய மாணவருக்கே அதிகம் கைகொடுப்பதையும் போல் பிளாக், டிலன் வில்லியம் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு எடுத்துக்காட்டியது.

அடுத்து, அக்கோரிக்கையைக் கண்ணால் காணக்கூடிய ஒரு செயலாக எழுதுங்கள். தரம் 2, தரம் 3 இரண்டையும் ஒரே ஆசிரியர் கற்பிக்க நேரும் தோட்டப் பாடசாலையை எண்ணிப்பாருங்கள். பாடத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் தரம் 3 மாணவர் எழுத்து வேலையில் ஈடுபட்டிருக்க, தரம் 2 மாணவர் சிலர் ஒவ்வொருவராக வந்து ஒரு வாக்கியத்தை வாசிக்கட்டும். தடுமாறிய இடத்தை ஆசிரியர் குறித்துக்கொண்டு, மறுநாள் பாடத்தை அங்கிருந்து தொடங்கட்டும். வாக்கியம் முன்பு படிக்காததாக இருக்க வேண்டும். பழகிய வாக்கியத்தைப் பிள்ளை மனப்பாடமாக ஒப்பித்துவிடும். 'அம்மா கொழுந்து எடுக்கிறார்' என்பதைக் 'கொளுந்து' என்று வாசிக்கும் பிள்ளை சொல்லையும் பொருளையும் சரியாகவே அறிந்துகொண்டது. வீட்டுப் பேச்சின் ஒலிப்பை வாசிப்புக் குறைபாடாகப் பதிவது அப்பிள்ளைக்குச் செய்யும் அநீதி என்பதை ஆசிரியப் பயிலுநர்களுக்கு அழுத்தமாகச் சொல்லுங்கள்.

விளக்கமும் செய்துகாட்டலும் மட்டும் ஆசிரியரின் நடைமுறையை மாற்றுவது அரிது. வகுப்பறை வரை தொடரும் வழிகாட்டல் துணை தேவை என்பதே புரூஸ் ஜொய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் ஆகியோரின் ஆய்வுகள் தரும் பாடம். ஆகவே அச்செயலை முதலில் கல்வியியற் கல்லூரியில் ஒத்திகை பாருங்கள். சக பயிலுநர்கள் அமைதியான மாணவர்களாக நடித்தால் பயனில்லை. அவர்களை இரு தரங்களாகப் பிரித்து, ஒரு பிரிவு வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டுக் கவனம் சிதறும் நிலையையும் உண்டாக்குங்கள்.

பத்தனை ஸ்ரீபாத கல்லூரி போன்ற தேசிய கல்வியியற் கல்லூரிகளில் ஈராண்டு வதிவிடக் கற்கையை அடுத்து வரும் ஓராண்டுக் கட்டுறு பயிற்சியே (பாடசாலையில் கற்பித்துப் பெறும் பயிற்சியே) உண்மையான சோதனைக் களம். மேற்பார்வைக்குச் செல்லும் விரிவுரையாளர் பாடக்குறிப்பில் கையொப்பமிட்டுத் திரும்பாமல், "நேற்று எதைக் குறித்தீர்கள், இன்று எதை மாற்றினீர்கள்?" என்று கேட்க வேண்டும். பேருந்து எட்டாத தோட்டங்களுக்கு அடிக்கடி செல்ல இயலாதாகையால், அதிபரும் வலயத்தின் ஆசிரிய ஆலோசகரும் அதே கேள்வியையே கேட்குமாறு முன்னரே உடன்பாடு செய்துகொள்ளுங்கள். ஒருவர் கற்பித்தலையும் மற்றவர் கரும்பலகை அழகையும் பார்த்தால், பயிலுநர் எளிதானதையே செய்வார்.

தவணை முடிவில் பயிலுநர்கள் எடுத்த வாசிப்புக் குறிப்புகளைக் கல்லூரிக்குத் தருவித்து, விரிவுரையாளர்கள் கூடி வாசியுங்கள். எத்தனை பிள்ளைகளை ஒரு நாளில் கேட்க முடிந்தது, எந்த வகுப்பில் முறை குலைந்தது என்பவற்றைக் கொண்டு அடுத்த அணிக்கான ஒத்திகையைத் திருத்துங்கள். வகுப்பறையில் நிறைவேற்ற முடியாத கோரிக்கையைக் காரணத்துடன் எழுத்தில் வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்புங்கள்.