குளிரில் உலோகத்தின் வெப்ப ஏற்புத்திறன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் சூளூர்ப்பேட்டை, தடா, எல்லை தாண்டி ஆரம்பாக்கம் வரை மொட்டை மாடிகளில் கூட்டம் நிற்கும். ஜிஎஸ்எல்வியின் மேல் கட்டத்தில் எரியும் திரவ ஹைட்ரஜன் சுமார் 20 கெல்வின் குளிரில் வைக்கப்படுகிறது என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். ஆனால் அந்தக் குளிரில் ஓர் உலோகம் ஒரு கெல்வின் சூடேற எவ்வளவு வெப்பத்தை ஏற்கும், அதாவது அதன் வெப்ப ஏற்புத்திறன் என்ன என்று கேட்டால், எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகள்கூடத் தடுமாறுகிறார்கள். ஆந்திரப் பக்கம் பாடமெல்லாம் ஆங்கிலத்தில் நடப்பதால், சூத்திரம் மனப்பாடமாக இருக்கும். அது எந்த வெப்பநிலையில் செல்லும் என்பது மட்டும் மனதில் தங்குவதில்லை. அவர்களுக்காகத்தான் இது.

பெரும்பாலான பிழைகளுக்கு வேர் ஒன்றே: அறை வெப்பநிலையின் எண்ணை அப்படியே கீழே கொண்டுபோவது. 1819-இல் டூலாங்கும் பெட்டியும் கண்ட விதிப்படி, திண்மத் தனிமங்கள் பெரும்பாலும் மோலுக்கு, கெல்வினுக்குச் சுமார் 25 ஜூல் ஏற்கும். தாமிரத்துக்குக் கிராம் கணக்கில் சொன்னால் 300 கெல்வினில் 0.386 ஜூல். 20 கெல்வினில் அது 0.008-ஐக்கூடத் தொடுவதில்லை. 4 கெல்வினில் ஏறக்குறைய 0.0001. நாலாயிரம் மடங்கு சரிவு! அதனால்தான் ஆய்வகத்தில் முதலில் திரவ நைட்ரஜனை ஊற்றி 77 கெல்வின் வரை இறக்குகிறார்கள். ஒரு கிலோ தாமிரத்தை 300 கெல்வினிலிருந்து 4.2-க்குக் கொண்டுவர, ஆவியாகும் வெப்பத்தை மட்டும் நம்பினால், சுமார் 31 லிட்டர் திரவ ஹீலியம் வேண்டும். 77 கெல்வினிலிருந்து தொடங்கினால் இரண்டு லிட்டரும் கொஞ்சமும் போதும். ஹீலியம் விலை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடுத்தது எலக்ட்ரான்கள். உலோகத்தில் கட்டற்ற எலக்ட்ரான்கள் இத்தனை இருந்தும் அவை வெப்பத்தில் ஏன் பெரிய பங்கு கேட்பதில்லை? நெரிசலான பஸ்ஸில் நடுவில் மாட்டிக்கொண்டவர் அசைய முடியாது, படிக்கட்டு ஓரம் நிற்பவர்தான் நகர முடியும். ஒரு குவாண்டம் நிலையில் ஓர் எலக்ட்ரான்தான் இருக்கலாம் என்ற பவுலி விதியால் எலக்ட்ரான்களின் கதியும் அதுதான். எலக்ட்ரான்கள் நிரம்பி நிற்கும் உச்ச மட்டமான பெர்மி ஆற்றலை ஒட்டி நிற்கும் சிறு பகுதி மட்டுமே வெப்பத்தை ஏற்கிறது. தாமிரத்தின் பெர்மி வெப்பநிலை (அந்த ஆற்றலை வெப்பநிலையாகச் சொன்னது) சுமார் 80,000 கெல்வின் என்பதால், அறை வெப்பநிலையில் எலக்ட்ரான்களின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்பெல்ட் 1920-களின் இறுதியில் இதைத் தெளிவாக்கினார்.

சரி, இதுவரை எல்லோரும் சரியாகவே எழுதுகிறார்கள். அப்புறம்தான் வினை. "எலக்ட்ரான் பங்கைப் புறக்கணிக்கலாம்" என்று எழுதிவிட்டு, அதையே 2 கெல்வினுக்கும் பொருத்துகிறார்கள். அணிக்கோவை, அதாவது வரிசையாக அடுக்கி நிற்கும் அணுக்கள், அதிர்வதன் பங்கு வெப்பநிலையின் முப்படியாகச் சரிகிறது. எலக்ட்ரான் பங்கோ நேர்விகிதத்தில்தான் குறைகிறது. தாமிரத்தில் 3.8 கெல்வின் அருகே இரண்டும் சமம். அதற்குக் கீழே எலக்ட்ரான்களின் கைதான் ஓங்கும்.

இரண்டையும் பிரிக்க, வெப்ப ஏற்புத்திறனை வெப்பநிலையால் வகுத்து, வெப்பநிலையின் இருபடிக்கு எதிராக வரைய வேண்டும். நேர்கோடு வரும். அது செங்குத்து அச்சை வெட்டும் இடம் எலக்ட்ரான் பங்கின் அளவைச் சொல்லும் கெழு, காமா. சாய்விலிருந்து அணு அதிர்வுகளின் அளவுகோலான டிபை வெப்பநிலை கிடைக்கும். நேரடியாக வரைந்து வளைகோட்டைக் கண்ணால் பொருத்துவது வேண்டாம். முப்படி விதி எதுவரை செல்லும் என்பதிலும் கவனம் வேண்டும். டிபை வெப்பநிலையில் பத்தில் ஒரு பங்கு வரை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஐம்பதில் ஒரு பங்கு என்பதே பாதுகாப்பான எல்லை. தாமிரத்துக்கு டிபை வெப்பநிலை 343 கெல்வின், ஆகவே 7 கெல்வினுக்குள் நிற்க வேண்டும். ஈயத்துக்கு 105 கெல்வின்தான், அதனால் 2 கெல்வினுக்குள் வந்தாக வேண்டும்.

ஈயம் அங்கே இன்னொரு குழியும் வைத்திருக்கிறது. 7.2 கெல்வினுக்குக் கீழே அது மின்தடையே இல்லாத மீக்கடத்தி. மீக்கடத்தியில் எலக்ட்ரான் பங்கு நேர்விகிதத்தில் போகாது. நிலைமாறும் இடத்தில் ஒரு தாவல் தாவி, பிறகு அடுக்குக்குறி வேகத்தில் மறைந்துவிடும். அந்தக் கோட்டை நீட்டிக் காமா எடுத்தால் கிடைப்பது வெறும் எண். சுமார் 0.08 டெஸ்லாவுக்கு மேல் காந்தப்புலம் கொடுத்து மீக்கடத்தலை அடக்கிவிட்டு அளக்க வேண்டும். 1.2 கெல்வினுக்குக் கீழே அலுமினியமும் இப்படித்தான்.

காமா கணக்கோடு ஒத்துவரவில்லை என்றதும் "சோதனைப் பிழை" என்று எழுதிவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. தாமிரத்துக்குக் கட்டற்ற எலக்ட்ரான் கணக்கு மோலுக்கு, கெல்வின் இருபடிக்கு 0.505 மில்லிஜூல் தரும், அளந்தால் 0.695 வரும். அந்த வேறுபாட்டில்தான் இயற்பியல் இருக்கிறது: எலக்ட்ரான்கள் அணிக்கோவையோடும் தங்களுக்குள்ளும் உறவாடுவதன் அடையாளம் அது. சீரியம் அலுமினியச் சேர்மம் ஒன்றில் 1975-இல் 1600 மில்லிஜூலுக்கும் மேல் அளந்தார்கள். பிழை என்று ஒதுக்கியிருந்தால் எலக்ட்ரான்கள் பல மடங்கு எடை கூடியவை போல நடந்துகொள்ளும் 'கன எலக்ட்ரான் உலோகங்கள்' என்ற துறையே தாமதித்திருக்கும்.

அதேபோல, நேர்விகிதப் பகுதி தெரிந்த உடனே பொருள் உலோகம் என்று முடிவுகட்டாதீர்கள். மின்சாரமே கடத்தாத கண்ணாடியிலும் 1 கெல்வினுக்குக் கீழே ஏறக்குறைய நேர்விகிதப் பகுதி உண்டு. 1971-இல் செல்லர் (Zeller), போல் (Pohl) என்ற இரு ஆய்வாளர்கள் அதைக் காட்டினார்கள்.

அளவீட்டில், மாதிரியை ஒட்டும் கிரீஸ், வெப்பமானி, தாங்கி இவற்றின் பங்கைத் தனியே அளந்து கழியுங்கள். 4 கெல்வினில் தாமிரமே இவ்வளவு கொஞ்சமாக ஏற்கும்போது துளி கிரீஸ்கூடக் கணக்கைக் கெடுக்கும். குளிர்விக்க விட்ட ஹீலியம் வாயுவை முழுக்க வெளியேற்றாவிட்டால், பரப்பில் ஒட்டிய அணுக்கள் சூடேற்றும்போது பிரிந்து வெப்பத்தை விழுங்கும். அது மாதிரியின் ஏற்புத்திறன் போலவே தெரியும். கோபால்ட் போன்றவற்றில் 1 கெல்வினுக்குக் கீழே ஏற்புத்திறன் மறுபடி ஏறினால் கருவியைச் சந்தேகிக்கும் முன், அணுக்கருக்களின் காந்த நிலைகளை நினையுங்கள். அந்த ஏற்றம் வெப்பநிலையின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறதா என்று பார்த்து, அதையும் மூன்றாவது உறுப்பாகச் சேர்த்துப் பொருத்தினால் காமா தன் இடத்துக்கு வரும்.