தேன்கூடு என்றாலே கிராஃபீன் இல்லை

மதுரைப் பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைத் திருத்தினால் ஒரு வரி தவறாமல் கண்ணில் படும்: "இது தேன்கூடு அமைப்பு, எனவே கிராஃபீன் போல மின்சாரத்தைக் கடத்தும்." அந்த 'எனவே'யை முதலில் அடித்துவிடுங்கள். (கிராஃபீன் என்பது கார்பன் அணுக்கள் தேன்கூடு போல அறுகோணங்களாக அடுக்கிய, ஓர் அணு தடிமனுள்ள தாள்.) அறுகோண போரான் நைட்ரைடும் தேன்கூடுதான், அணுக்களுக்கு இடையே உள்ள தூரம்கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான் (கிராஃபீனில் 0.142 நானோமீட்டர், இதில் 0.145), ஆனால் பட்டை இடைவெளி (மின்சாரம் ஓட எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி) சுமார் 6 எலக்ட்ரான்வோல்ட். பக்கா காப்பான்.

காரணம் புரியாததற்குப் பின்னால் இன்னொரு தப்பு இருக்கிறது, தேன்கூட்டையே பிராவே அணிக்கோவை (எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் சுற்றுப்புறம் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும் புள்ளி அடுக்கு) என்று எழுதுவது. மார்கழியில் வாசலில் ஊடுபுள்ளி வைக்கிறோமே, அந்த முக்கோண அடுக்குதான் பிராவே அணிக்கோவை. ஒவ்வொரு அறுகோணத்தின் நடுப்புள்ளியையும் அழித்தால் மிஞ்சுவது தேன்கூடு. இப்போது ஒரு புள்ளியிலிருந்து பார்த்தால் பக்கத்தில் மூன்று புள்ளிகள். அடுத்த புள்ளிக்கு நகர்ந்தால் அதே மூன்றும் தலைகீழாகத் தெரியும். ஆக, ஏ, பி என இரண்டு வகை இடங்கள். இரண்டிலும் கார்பனே உட்கார்ந்தால் இடைவெளி மூடிக்கொள்கிறது, ஒன்றில் போரான், மற்றதில் நைட்ரஜன் என்றால் சமநிலை குலைந்து இடைவெளி திறந்துவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

காந்தத்துக்கு வந்தால், தேன்கூட்டில் எதிர் எதிராக நிற்கப் பார்க்கும் ஸ்பின்கள் (அணுக்கள் சுமக்கும் குட்டிக் காந்தங்கள்) பக்கத்து ஸ்பின்கள் எல்லாவற்றோடும் ஒத்துப்போக முடியாமல் தானாகவே தடுமாறும் என்று சிலர் எழுதுகிறார்கள். அது முக்கோண அணிக்கோவையின் கதை. தேன்கூட்டின் ஆறு மூலைக்கும் மேல், கீழ், மேல், கீழ் என்று சுலபமாக வைத்து முடித்துவிடலாம். இயற்பியலாளர் கிட்டாயெவ் 2006இல் சொன்ன தேன்கூடு மாதிரியில் தடுமாற்றம் வருவது வேறு வழியில்: ஒவ்வொரு அணுவின் மூன்று பிணைப்பும் ஸ்பினை ஆளுக்கொரு திசையில் இழுக்கும்.

அப்புறம், நடுவில் இருக்கும் அணுக்களை மறப்பது. இதுதான் என் கணக்கில் பெரிய தப்பு. குரோமியம் ட்ரை அயோடைடு என்ற காந்தப் படிகத்தில் தேன்கூடு போடுவது குரோமியம்தான், ஆனால் இரண்டு குரோமியத்தைப் பேசவைப்பது இடையில் கிட்டத்தட்ட 90 டிகிரியில் மடங்கி நிற்கும் அயோடின். அந்தக் கோணம்தான் ஸ்பின்களை ஒரே பக்கம் திருப்புகிறது. அயோடின் கனமான அணு என்பதால் அதன் ஸ்பின்-சுற்றுப்பாதைப் பிணைப்பு (எலக்ட்ரானின் ஸ்பினும் அதன் சுற்றோட்டமும் ஒன்றோடொன்று பிணைவது), ஸ்பின்கள் தாளுக்குச் செங்குத்தாக நிற்கவும் உதவுகிறது. ஓரடுக்குத் தாளிலேயே 45 கெல்வின் வரை காந்தத்தன்மை நிற்பது அப்படித்தான், 2017இல் அளந்து காட்டினார்கள். (மைனஸ் 228 டிகிரி. நம்ம ஊர் வெயிலில் யோசித்துக்கூடப் பார்க்காதீர்கள்.)

அதையே இரண்டு அடுக்காக எடுத்தால் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று காந்தம் ரத்தாகிவிடும். எத்தனை அடுக்கு, எப்படி அடுக்கியது என்று சொல்லாமல் 'ஃபெர்ரோகாந்தம்' (எல்லா ஸ்பினும் ஒரே பக்கம்) என்று மட்டும் எழுதிக்கொண்டு போனால் வைவாவில் மாட்டுவீர்கள்.